விடாது தொடர்ந்த வினா

உரைநடை உலகம்

நுழையும்முன்

காய்ச்சல் கண்ட பிள்ளையைப் பற்றி அண்டை வீட்டாரிடம் சொல்லத் தயங்காத குடும்பம், மனநோய் கண்ட பிள்ளையைப் பற்றிச் சொல்லத் தயங்குகிறது. தயக்கத்தால் மருத்துவம் தள்ளிப்போகிறது. மருத்துவம் தள்ளிப்போவதால் நோய் வேரூன்றுகிறது. மனநோய்களுள் பெரிதும் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டது மனச்சிதைவு. அந்நோயைப் பற்றித் தமிழ்நாட்டில் நிகழ்ந்த நெடிய ஆய்வையும், அதற்குத் தம் வாழ்நாளை அளித்த மருத்துவர்களின் பணியையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

கரிசல் நிலத்தில் ஒரு நோய்

அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் விருதுநகர் மாவட்டத்தின் கரிசல் நிலத்தில் அமைந்தவை. பருத்தி, கம்பு, சோளம், மல்லி எனப் பெரும்பாலான பயிர்கள் மழையை நம்பியே விளைகின்றன. குண்டாற்றில் ஆண்டின் பெரும்பகுதி மணலே ஓடுகிறது. கண்மாய் நிறைந்தால் ஓராண்டுப் பிழைப்பு. நிறையாவிட்டால் நெசவுத்தறியோ வெளியூர்க் கூலி வேலையோதான் வழி. காத்திருத்தலைக் கற்றுக்கொண்ட மக்கள் இவர்கள். ஆனால், காத்திருக்கவே கூடாத ஒன்றும் உண்டு.

இத்தகைய ஓர் ஊரில் பதினெட்டு வயது இளைஞன் ஒருவன் உறக்கத்தை இழக்கிறான் என்று கொள்வோம். நண்பர்களை விட்டு விலகுகிறான். குளிக்க மறக்கிறான். யாரும் இல்லாத இடத்தில் யாருக்கோ மறுமொழி கூறுகிறான். ஊரார் தன்னைப் பற்றியே பேசுகின்றனர் என்கிறான். குடும்பம் முதலில் அதட்டுகிறது, பின்னர் அஞ்சுகிறது. கோடாங்கியிடம் குறி கேட்கிறது, கோவிலில் தங்கவைக்கிறது, தர்காவுக்கு அழைத்துச் செல்கிறது, திருமணம் செய்துவைத்தால் சரியாகும் என்று உறவினர் கூறுவதையும் எண்ணிப் பார்க்கிறது. மதுரைப் பெரிய மருத்துவமனையின் மனநலப் பிரிவு நினைவுக்கு வருவதற்குள் மாதங்கள் கடந்துவிடுகின்றன; சில குடும்பங்களில் ஆண்டுகளே கடந்துவிடுகின்றன.

இது கரிசல் நிலத்துக்கு மட்டும் உரிய நிலையன்று. உலக மக்களுள் ஏறத்தாழ 300 பேருக்கு ஒருவர் மனச்சிதைவால் வருந்துவதாக உலக நலவாழ்வு நிறுவனம் கணக்கிடுகிறது. ஏழை, செல்வர், கற்றவர், கல்லாதவர் என்ற வேறுபாடு இந்நோய்க்கு இல்லை. நோய் கண்டவருக்குப் பின்னர் என்ன நேர்கிறது என்பதே ஒவ்வொரு குடும்பமும் கேட்கும் முதல் வினா. "என் பிள்ளை பிழைத்துக்கொள்வானா?" என்னும் அவ்வினாவுக்குச் சான்றுகளோடு விடை கூற முற்பட்டவர்கள் சென்னையில் இருந்தனர். அவர்தம் பணியை அறிவதற்கு முன் நோயின் இயல்பை அறிதல் வேண்டும்.

மனச்சிதைவு என்பது யாது?

ஜெர்மானிய மருத்துவர் எமில் கிரெப்பெலின் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்நோயைத் தனியே வகைப்படுத்தினார். இளமையிலேயே தொடங்கி அறிவைத் தேய்த்துவிடும் நோய் என்று அவர் கருதினார். சுவிட்சர்லாந்து மருத்துவர் ஆய்கன் பிளாய்லர், 1908ஆம் ஆண்டில் 'ஸ்கிசோஃப்ரினியா' என்னும் பெயரைச் சூட்டினார். எண்ணம், உணர்வு, செயல் ஆகியவற்றுக்கு இடையிலான இணைப்பு தளர்ந்துபோவதை அப்பெயர் சுட்டுகிறது. திரைப்படங்களில் காட்டப்படுவதுபோல ஒருவர் இரண்டு ஆளாக மாறுவது இந்நோய் அன்று.

நோயின் அறிகுறிகள் மூவகைப்படும். இல்லாத குரல்களைக் கேட்டல், பிறர் தமக்குத் தீங்கு செய்வதாக உறுதியாக நம்புதல் போன்றவை முதல் வகை. ஊக்கம் குன்றுதல், பேச்சு சுருங்குதல், மகிழ்ச்சியை உணர இயலாமை ஆகியன இரண்டாம் வகை. கவனம், நினைவு, திட்டமிடல் ஆகிய அறிதிறன்கள் குறைதல் மூன்றாம் வகை. முதல் வகை ஊரார் கண்ணில் உடனே படுகிறது. பின்னைய இரண்டும் சோம்பல் என்றும் திமிர் என்றும் தவறாக எண்ணப்படுகின்றன. நோயுற்றவர் மீண்டும் படிக்கவும் வேலைக்குச் செல்லவும் இயலுமா என்பதைப் பெரிதும் முடிவுசெய்பவை கண்ணில் படாத இவையே.

நோய்க்கு ஒற்றைக் காரணம் இல்லை. மரபணுக்களுக்குப் பங்கு உண்டு. ஆயினும், ஒத்த இரட்டையருள் ஒருவருக்கு நோய் இருப்பினும் மற்றவருக்கு அது வரும் வாய்ப்பு ஏறத்தாழப் பாதியளவே. ஆகவே, மரபு மட்டுமே விதியாகிவிடுவதில்லை. கருவில் வளரும்போது நேரும் குறைகள், போதைப்பொருள் பழக்கம், வாழ்வின் கடும் நெருக்கடிகள் ஆகியவையும் துணைக் காரணங்கள் ஆகின்றன. பெற்றோர் வளர்ப்பே இதற்குக் காரணம் என்று முன்பு கூறப்பட்ட கருத்து இன்று கைவிடப்பட்டுவிட்டது.

மூளைக்குள் நிகழ்வது

திருச்சுழியில் 1879ஆம் ஆண்டு பிறந்த ரமண மகரிசி, 'நான் யார்?' என்னும் வினாவையே தம் மெய்யியலின் வாயிலாகக் கொண்டார். மூளை அறிவியலும் அவ்வினாவின் ஒரு பகுதியைத் தன் வழியில் ஆராய்கிறது. 'இந்த எண்ணம் என்னுடையது', 'இந்தக் குரல் என்னுடையது' என்று மூளை எவ்வாறு அறிகிறது?

நம் கையாலேயே நம்மைக் கிச்சுக்கிச்சு மூட்டிக்கொள்ள முடிவதில்லை. கையை அசைக்கக் கட்டளையிடும்போதே, 'இத்தகைய தொடுகை வரப்போகிறது' என்னும் முன்னறிவிப்பை மூளை தனக்குத்தானே அனுப்பிக்கொள்கிறது. எதிர்பார்த்த தொடுகை வந்ததும் அதன் கூர்மையைக் குறைத்துவிடுகிறது. மாயக்குரல் கேட்கும் மனச்சிதைவு நோயாளர் சிலருக்கோ தம் கைத்தொடுகையும் பிறர் தொடுகைபோலவே கூர்மையாகத் தோன்றுவதை ஆய்வாளர் கண்டனர். முன்னறிவிப்பு தவறுமானால் தன் செயலும் பிறர் செயலாகத் தோன்றும். மனத்துக்குள் எழும் சொற்களுக்கும் இதனையே பொருத்திப் பார்க்கலாம். தம் மனம் பேசிய சொல்லே வெளியிலிருந்து வந்த குரலாக நோயாளருக்குக் கேட்கக்கூடும்.

இலண்டனில் ஆய்வாளர் குழு ஒன்று, மாயக்குரல் கேட்டுக்கொண்டிருக்கும்போதே நோயாளரின் மூளைக் குருதியோட்டத்தைப் படமெடுத்து 1993ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டது. பேச்சை உருவாக்கும் பிரோக்கா பகுதியில் அப்போது குருதியோட்டம் மிகுந்திருந்தது. கேட்பவரின் மூளையே பேசிக்கொண்டிருந்தது என்று இதனைக் கொள்ளலாம். "குரல் கேட்கிறது" என்று நோயாளர் கூறுவது பொய்யோ நடிப்போ அன்று என்பதற்கு இது சான்றாகும்.

டோபமைன் என்னும் வேதிப்பொருளின் சமநிலை குலைவதும் இந்நோயில் முதன்மையானது. கவனிக்கத்தக்கது எது என்று நமக்குச் சுட்டிக்காட்டுவதில் டோபமைனுக்குப் பங்கு உண்டு. அது தேவையற்ற இடத்தில் மிகும்போது, தெருவில் செல்பவரின் இருமலும் வானொலியில் ஒலிக்கும் பாட்டும் தனக்கே விடுக்கப்பட்ட செய்தியாகத் தோன்றத் தொடங்குகின்றன. அச்செய்திக்கு மனம் ஒரு காரணம் தேடுகிறது. தேடிக் கண்ட காரணமே அசைக்க முடியாத பொய்ந்நம்பிக்கையாக நிலைத்துவிடுகிறது. 1952ஆம் ஆண்டு பாரிசில் மனநோய்க்குப் பயன்படுத்தத் தொடங்கிய குளோர்புரோமசைன் முதலாகப் பல மருந்துகள் டோபமைனின் மிகைச் செயலைத் தணித்தே பயன் தருகின்றன.

வாயில் திறந்த மருத்துவர்

சென்னையில் மனநோயாளர்க்கான காப்பிடம் 1794ஆம் ஆண்டிலேயே தொடங்கப்பட்டது. 1871 முதல் அது கீழ்ப்பாக்கத்தில் இயங்கிவருகிறது. உள்ளே சென்றவர் வெளியே வருவது அரிது என்பதே நெடுங்காலம் மக்கள் எண்ணமாக இருந்தது. அவ்விடத்துக்கு 1961ஆம் ஆண்டில் கண்காணிப்பாளராகப் பொறுப்பேற்றவர் மருத்துவர் சாரதா மேனன்.

அவர் 1923ஆம் ஆண்டு மங்களூரில் பிறந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று 1951ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார். பின்னர்ப் பெங்களூரிலுள்ள அகில இந்திய மனநல நிறுவனத்தில் மனநல மருத்துவம் பயின்றார். இந்தியாவில் முறையாகப் பயிற்சி பெற்ற முதல் பெண் மனநல மருத்துவர் என்று போற்றப்படுபவர் அவரே. கீழ்ப்பாக்கம் மருத்துவமனையின் முதல் பெண் கண்காணிப்பாளரும் அவரே.

அக்காலத்தில் மருத்துவமனையில் இடத்தைவிட நோயாளர் மிகுதி, மருத்துவர் குறைவு. மருந்துகள் வந்துவிட்டமையால் பலருக்குக் கடுமையான அறிகுறிகள் தணிந்தன. ஆனால், தணிந்த பின்னும் அவர்கள் மதில்களுக்குள்ளேயே இருந்தனர். மனநோயாளர் புறநோயாளராக வந்து மருந்து பெற்று வீடு திரும்பும் முறையும், உள்ளிருப்போர் கைத்தொழில் பழகும் முறையும் அவர் பொறுப்பில் இருந்த காலத்தில் வளர்ந்தன. வேலை என்பது பொழுதுபோக்கு அன்று. அது சிதைந்த கவனத்தையும் நாளொழுங்கையும் மீட்டுத் தரும் மருத்துவம் என்பது அவர் கொள்கை. 1978ஆம் ஆண்டில் பணி நிறைவு பெற்றார்.

பணி நிறைவோடு வினா நிறைவு பெறவில்லை. மருத்துவமனையை விட்டு வெளியே செல்லும் நோயாளருக்கு என்ன ஆகிறது? யார் உணவளிக்கிறார்? யார் வேலை தருகிறார்? குடும்பம் களைத்துப்போனால் என் செய்வது? இவற்றுக்கு விடை தேட, மருத்துவர் ஆர்.தாரா முதலிய இளைய மருத்துவர்களோடு இணைந்து 1984ஆம் ஆண்டு சென்னையில் மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். 'ஸ்கார்ஃப்' என்னும் சுருக்கப்பெயரால் உலகெங்கும் அறியப்படும் அந்நிறுவனம் மருத்துவம், மறுவாழ்வு, ஆராய்ச்சி மூன்றையும் ஒருங்கே மேற்கொண்டது. நோயாளரின் குடும்பத்தார் ஒருவருக்கொருவர் துணையாக நிற்க 'ஆஷா' என்னும் அமைப்பு உருவாகவும் சாரதா மேனன் துணைநின்றார். 1992ஆம் ஆண்டில் பத்ம பூஷண் விருது அவருக்கு அளிக்கப்பட்டது. தமிழ்நாடு அரசின் ஔவையார் விருதும் பெற்ற அவர், 2021ஆம் ஆண்டு டிசம்பரில் தம் 98ஆம் வயதில் மறைந்தார்.

தொண்ணூறு பேரின் கால் நூற்றாண்டு

மனச்சிதைவு கண்டவர் படிப்படியாகச் சீரழிவார் என்பது கிரெப்பெலின் காலம் முதல் நிலவிய கருத்து. அக்கருத்து எவ்வாறு உருவானது? மருத்துவமனையில் பல்லாண்டு அடைபட்டவரையே மருத்துவர் நாள்தோறும் கண்டனர். நலம் பெற்று வீட்டில் வாழ்பவர் மருத்துவமனைக்கு வருவதில்லை. ஆகவே, கணக்கிலும் அவர் இடம்பெறுவதில்லை. உண்மையை அறிய வேண்டுமாயின் நோய் தொடங்கிய நாள் முதல் அதே மனிதரை ஆண்டுதோறும் பின்தொடர வேண்டும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1980களின் தொடக்கத்தில் இலக்னோ, வேலூர், சென்னை ஆகிய மூன்று இடங்களில் அத்தகைய ஆய்வைத் தொடங்கியது. சென்னையில் முதன்முறையாக நோய் கண்ட 90 பேர் அதில் சேர்க்கப்பட்டனர். குறித்த காலத்தில் ஆய்வு நிறைவுற்றபோதும் தாராவும் அவருடன் பணியாற்றியோரும் அந்த 90 பேரை விட்டுவிடவில்லை. பின்தொடர்தல் 10 ஆண்டு, 20 ஆண்டு, 25 ஆண்டு என நீண்டது. 'சென்னை நெடுங்கால ஆய்வு' என்று உலக மருத்துவ இதழ்களில் இது பேசப்படுகிறது.

எளிய மொழியில் கூறின் இது ஒரு தேடும் பணி. வாடகை வீட்டார் இடம்பெயர்வர். திருமணமான பெண் வேறு ஊர் செல்வார். வேலை தேடிச் சென்றவரின் முகவரி தெரியாது. தொலைபேசி அரிதாக இருந்த காலம் அது. எனினும், 10 ஆண்டுகளுக்குப் பின் 90 பேருள் 76 பேரின் நிலையை ஆய்வாளர் நேரில் அறிந்து பதிந்தனர்.

கண்டறிந்தவை நம்பிக்கை அளித்தன. முதல் சில ஆண்டுகளில் கடுமையாக இருந்த அறிகுறிகள் பெரும்பாலோருக்குத் தணிந்திருந்தன. பலர் இடையிடையே நோய் மீண்டும் மீண்டும் தலைகாட்டினாலும் அதனோடு வாழக் கற்றிருந்தனர். ஆண்களுள் பெரும்பாலோர் ஏதேனும் ஒரு வேலையில் இருந்தனர். இடைவிடாது கடுநோயிலேயே இருந்தவர் சிலரே. அதே வேளையில் ஆய்வு துன்பத்தையும் மறைக்கவில்லை. சிலர் இளமையிலேயே இறந்துபோயினர். மணவாழ்வு முறிந்த பெண்களைப் பற்றித் தாரா தனியே ஆராய்ந்தார். நோயால் ஒரு முறையும் கைவிடப்பட்டமையால் மறுமுறையும் துன்புற்ற அப்பெண்களை முதுமையடைந்த பெற்றோரே தாங்கிக்கொண்டிருந்தனர். திருமணம் மருந்தாகாது என்பதற்கு அவர்தம் வாழ்வே சான்று.

வளரும் நாடுகளில் மனச்சிதைவு நோயாளர் மேலைநாட்டாரைவிட நன்கு குணமடைகின்றனர் என்னும் கருத்தை, ஆக்ரா உள்ளிட்ட பல நாட்டு மையங்களில் உலக நலவாழ்வு நிறுவனம் 1960களின் இறுதியில் தொடங்கிய ஆய்வு உலகறியச் செய்தது. கூட்டுக் குடும்பமே காரணம் என்று பலர் பெருமையோடு கூறினர். 2008ஆம் ஆண்டில் அக்கருத்தை மறுஆய்வு செய்து, அஃது அத்துணை எளிதன்று என்று வினவிய கட்டுரையின் ஆசிரியர் நால்வருள் தாராவும் ஒருவர். தம் நாட்டுக்குப் பெருமை தரும் முடிவையும் சான்றின்றி ஏற்க மறுத்தது ஆய்வாளருக்கு வேண்டிய நேர்மையைக் காட்டுகிறது.

| தெரிந்து தெளிவோம் |
மனநோயால் ஏற்படும் இயலாமையை அளவிட இந்திய மனநல மருத்துவச் சங்கம் ஓர் அளவுகோலை உருவாக்கியது. 'ஐடியாஸ்' எனப்படும் இவ்வளவுகோலை உருவாக்கியதில் மருத்துவர் தாராவின் பங்கு முதன்மையானது. தன்னைப் பேணுதல், பிறரோடு பழகுதல், கருத்துப் பரிமாற்றம், வேலை ஆகிய நான்கு கூறுகளை இது மதிப்பிடுகிறது. இதனை நடுவண் அரசு 2002ஆம் ஆண்டில் ஏற்று அறிவித்தது. மாற்றுத்திறனாளிகளுக்கு உரிய சான்றிதழையும் உதவிகளையும் மனநோயாளரும் பெற இது வழிசெய்தது.

நம்பிக்கையை ஆராய்தல்

கோவிலுக்கும் தர்காவுக்கும் செல்லும் குடும்பங்கள் பேயையும் பில்லிசூனியத்தையும் நம்பியே செல்கின்றன என்று படித்தவர் எளிதில் கூறிவிடுவர். அதையும் ஆய்வாளர் கேட்டறிந்தனர். சென்னையில் மருத்துவம் பெற வந்த குடும்பங்களிடம் நோய்க்கான காரணத்தை வினவியபோது, 100க்கு ஏறத்தாழ 12 குடும்பங்களே தெய்வக் குற்றம், பேய் போன்றவற்றைக் கூறின. மனவேதனை, வாழ்க்கை நெருக்கடி ஆகியவற்றையே பலரும் காரணமாகக் கூறினர். அக்குடும்பங்கள் அறியாமையில் ஆழ்ந்தவை அல்ல என்பதை இவ்விடைகள் காட்டின. வழிபாட்டிடங்களை நாடும் குடும்பங்களைப் பற்றியும் நாம் அவசரப்பட்டு முடிவுகட்டுதல் ஆகாது. வாயில் எப்போதும் திறந்திருக்கிறது, யாரும் முகம் சுளிப்பதில்லை, செலவும் குறைவு.

பெங்களூர் ஆய்வாளர் இரகுராமும் அவர் குழுவினரும் தமிழ்நாட்டுச் சிற்றூர் ஒன்றின் முத்துசாமி கோவிலில் தங்கியிருந்த 31 மனநோயாளரை ஆராய்ந்து 2002ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். அங்கே அடி, உதை, சங்கிலி எதுவும் இல்லை. காலையில் சிறு வழிபாடு. பிறகு கோவில் பணிகள். உடன் ஓர் உறவினர். சில வாரங்களில் அவர்தம் அறிகுறிகள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு தணிந்திருந்தன. அமைதியும் அரவணைப்பும் ஓரளவு பயன் தருகின்றன என்பதை அவ்வாய்வு உணர்த்தியது. மருந்து தேவையில்லை என்று அது கூறவில்லை.

அரவணைப்பு இல்லாத இடத்தில் நேர்வது என்ன என்பதை அதற்கு முந்தைய ஆண்டு நாடே கண்டது. அருப்புக்கோட்டைக்குத் தென்கிழக்கே, இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையிலுள்ள ஏர்வாடியில் தனியார் நடத்திய காப்பகக் கொட்டகை ஒன்று 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் விடியற்காலையில் தீப்பற்றியது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தனர். ஓட முடியாமல் 28 பேர் உயிரிழந்தனர். அவர்களைக் குடும்பத்தார் அங்கே விட்டுச் சென்றது அன்பில்லாமையால் மட்டும் அன்று. எட்டும் தொலைவில் வேறு வழி இல்லாமையாலும்தான். உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து வழக்கை ஏற்றது. இத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டன. இன்று நடைமுறையில் உள்ள 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம், எவ்வடிவிலும் மனநோயாளரைச் சங்கிலியால் பிணைத்தலைத் தடைசெய்கிறது. மனநல மருத்துவம் பெறுவதை ஒவ்வொருவரின் உரிமையாக்குகிறது. ஏர்வாடி தர்காவில் வேண்டுதலோடு மருத்துவமும் கிடைக்க அரசு வழிசெய்துள்ளது. 'மருந்தும் வேண்டுதலும்' என்னும் அவ்வழி, மக்கள் செல்லும் இடத்துக்கே மருத்துவரைக் கொண்டு சேர்க்கிறது.

ஊர் தேடிச் சென்ற மருத்துவம்

சென்னையில் கண்ட உண்மை வறண்ட நிலத்துச் சிற்றூருக்குச் சென்று சேர்வது எங்ஙனம்? ஸ்கார்ஃப் நிறுவனம் 2010ஆம் ஆண்டில் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு வழியை முயன்றது. பேருந்து ஒன்று மருத்துவ அறையாக மாற்றப்பட்டது. நோயாளரும் குடும்பத்தாரும் பேருந்துக்குள் திரையின்முன் அமர்வர். சென்னையிலுள்ள மனநல மருத்துவர் திரை வழியே அவர்களோடு உரையாடுவார். அவர் எழுதித் தரும் மருந்து பேருந்திலேயே இலவசமாக வழங்கப்படும். உள்ளூரிலேயே பயிற்சி பெற்ற பணியாளர் இல்லம் தேடிச் சென்று, மருந்து உட்கொள்கின்றனரா என்று கேட்டறிவர். மருத்துவரை அடைய நகரம் செல்லும் பேருந்துச் செலவும் ஒரு நாள் கூலி இழப்பும் இவ்வழியால் குறைந்தன.

அரசின் மாவட்ட மனநலத் திட்டம் இன்று தமிழ்நாட்டு மாவட்டங்களில் செயல்படுகிறது. விருதுநகரிலும் இராமநாதபுரத்திலும் 2022ஆம் ஆண்டு முதல் அரசு மருத்துவக் கல்லூரிகள் இயங்குகின்றன. 14416 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் 'டெலி மானஸ்' சேவையைத் தமிழிலேயே பெறலாம். பாதை முன்பைவிடக் குறுகிவிட்டது. அதில் முதல் அடி எடுத்துவைப்பதே எஞ்சியிருக்கிறது.

மருந்து காணா மூளைகள்

மருந்து பெறாத நோயாளரைப் பற்றிய ஓர் ஆய்வு தனித்துக் குறிப்பிடத்தக்கது. மனச்சிதைவு நோயாளர் சிலருக்கு நாக்கும் வாயும் தாமாக அசையும். நெடுங்காலம் மருந்து உட்கொள்வதே இதற்குக் காரணம் என்று கருதப்பட்டது. ஸ்காட்லாந்து மருத்துவர் இராபின் மெக்கிரீடியும் சென்னை ஆய்வாளரும் இணைந்து, பல்லாண்டு நோயுற்றும் மருந்தே உட்கொள்ளாதவரை 1990களில் ஆராய்ந்தனர். அவர்களுள்ளும் சிலருக்கு இவ்வசைவு இருந்தது. மருந்து மட்டுமன்றி, நோயும் இவ்வசைவுக்குக் காரணமாகலாம் என்பது தெளிவாயிற்று. பின்னர் எடுத்த காந்த ஒத்ததிர்வுப் படங்கள், உடலசைவைச் சீராக்கும் மூளைப்பகுதியில் வேறுபாடு இருப்பதைக் காட்டின.

மேலைநாட்டில் இத்தகைய ஆய்வை நிகழ்த்துவது அரிது. மருந்தே பெறாத நோயாளர் அங்கு எளிதில் கிடைப்பதில்லை. அறிவியலுக்கு வாய்ப்பாக அமைந்த அந்நிலை நம் சமூகத்துக்குப் பெருமை தருவதன்று. இதனை நன்கு உணர்ந்தமையால்தான் சென்னை ஆய்வாளர், ஆய்வோடு நில்லாமல் மருத்துவம் பெறாதோரைத் தேடி மருத்துவம் அளிப்பதிலும் ஈடுபட்டனர். மருத்துவம் பெறாத காலம் நீள நீளக் குணமடைதல் கடினமாகிறது என்பது உலகெங்கும் பல ஆய்வுகள் உணர்த்தும் முடிவாகும்.

ஆய்வு இன்றும் தொடர்கிறது. பெங்களூர் நிமான்ஸ் நிறுவனப் பேராசிரியர் கணேசன் வெங்கடசுப்பிரமணியன் மனச்சிதைவில் மூளை இயங்கும் முறையை ஆராய்ந்துவருகிறார். 2018ஆம் ஆண்டுக்கான சாந்தி சுவரூப் பட்நாகர் விருதைப் பெற்றவர். மருந்துக்கு அடங்காத மாயக்குரல்களைத் தணிக்க, தலையின் மேற்பரப்பு வழியே மிக மெல்லிய மின்னோட்டத்தைச் செலுத்தும் முறையை அவர் குழுவினர் ஆராய்கின்றனர். கவனம், நினைவு ஆகியவற்றைப் பயிற்சிகளால் வலுப்படுத்தும் முறைகளும் பல நாடுகளில் வளர்ந்துவருகின்றன.

மாணவர் அறிய வேண்டுவன

மனச்சிதைவு பெரும்பாலும் பதின்பருவத்தின் பிற்பகுதியிலும் இருபதுகளிலும் தொடங்குகிறது. இப்பாடத்தைப் பயிலும் மாணவரின் பருவமும் அதுவே. வகுப்பில் நன்றாகப் படித்த ஒருவர் காரணமின்றி மதிப்பெண் குறைந்து, நண்பரை விலக்கி, உறக்கமிழந்து, யாரையும் நம்பாது தனித்திருப்பாராயின், அவரைக் கேலி செய்யாதிருப்பது முதல் உதவி. "குரல் எதுவும் இல்லை" என்று வாதிடுவதால் பயனில்லை. "உனக்கு அது அச்சமாக இருக்கும், நான் உடன் இருக்கிறேன்" என்று கூறுவது பயன் தரும். ஆசிரியரிடமோ பெற்றோரிடமோ தெரிவித்து மருத்துவரை அணுகச் செய்வது அடுத்த உதவி. இவையெல்லாம் நோய் உண்டு என்பதற்கு முடிவான சான்றுகள் அல்ல. முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவரே.

மனச்சிதைவு நோயாளர் வன்முறையாளர் என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. உண்மையில் அவர்களுள் பெரும்பாலோர் பிறரைத் துன்புறுத்துவதில்லை. பிறரால் துன்புறுத்தப்படுவதே மிகுதி. 'பைத்தியம்' என்னும் சொல்லை நாம் எளிதாக வீசும்போது, அச்சொல்லுக்கு அஞ்சியே ஒரு குடும்பம் மருத்துவமனை வாயிலுக்குச் செல்லாமல் திரும்பக்கூடும்.

"என் பிள்ளை பிழைத்துக்கொள்வானா?" என்று கேட்ட குடும்பத்துக்குக் கால் நூற்றாண்டு ஆய்வு அளித்த விடை இது: பலர் பிழைத்துக்கொள்கின்றனர். விரைவில் மருத்துவம் தொடங்கினால், மருந்தை நிறுத்தாதிருந்தால், செய்வதற்கு ஒரு வேலையும் திரும்புவதற்கு ஒரு வீடும் இருந்தால் அவ்வாய்ப்பு இன்னும் பெருகும். இவற்றுள் மருந்து மட்டுமே மருத்துவர் கையில் உள்ளது. வேலையும் வீடும் நட்பும் நம் கையில் உள்ளன.

கலைச்சொல் அறிவோம்

மனச்சிதைவு – ஸ்கிசோஃப்ரினியா
மாயக்குரல் – பேசுவார் இன்றிக் கேட்கும் குரல்
பொய்ந்நம்பிக்கை – சான்று காட்டினும் அசையாத தவறான நம்பிக்கை
அறிதிறன் – கவனம், நினைவு, திட்டமிடல் முதலிய மூளைத்திறன்
நெடுங்கால ஆய்வு – அதே மனிதரைப் பல்லாண்டு பின்தொடரும் ஆய்வு
மறுவாழ்வு – நோய் தணிந்தபின் இயல்பு வாழ்வுக்குத் திரும்பச் செய்தல்

கற்பவை கற்றபின்

1. உங்கள் பகுதியில் மனநல மருத்துவம் கிடைக்கும் அரசு மருத்துவமனை, செயல்படும் நாள்கள் ஆகியவற்றைக் கேட்டறிந்து வகுப்பறை அறிவிப்புப் பலகையில் எழுதுக.
2. திரைப்படங்களில் மனநோயாளர் காட்டப்படும் முறை சரியா என்பது குறித்துக் குழுவாகக் கலந்துரையாடுக.
3. மனநோயாளரை இழிவுபடுத்தும் சொற்களைத் தொகுத்து, அவற்றுக்கு மாற்றாகப் பயன்படுத்தத்தக்க சொற்களைப் பரிந்துரைக்க.

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனம் சென்னையில் தொடங்கப்பட்ட ஆண்டு
அ) 1961 ஆ) 1978 இ) 1984 ஈ) 1992

2. மாயக்குரல் கேட்கும்போது குருதியோட்டம் மிகுந்திருந்த மூளைப்பகுதி தொடர்புடையது
அ) பார்வையோடு ஆ) பேச்சை உருவாக்குதலோடு இ) உறக்கத்தோடு ஈ) பசியோடு

3. சென்னை நெடுங்கால ஆய்வில் தொடக்கத்தில் சேர்க்கப்பட்டோர்
அ) 31 ஆ) 76 இ) 90 ஈ) 300

குறுவினா

1. 'ஸ்கிசோஃப்ரினியா' என்னும் பெயர் எதனைச் சுட்டுகிறது?
2. நம்மை நாமே கிச்சுக்கிச்சு மூட்டிக்கொள்ள இயலாமைக்குக் காரணம் யாது?
3. சாரதா மேனன் கைத்தொழிலை மருத்துவமாகக் கருதியது ஏன்?

சிறுவினா

1. மனச்சிதைவு கண்டவர் சீரழிவார் என்னும் கருத்து உருவான முறையையும் அதனை ஆய்வு மாற்றிய முறையையும் விளக்குக.
2. ஏர்வாடி நிகழ்வும் முத்துசாமி கோவில் ஆய்வும் உணர்த்தும் கருத்துகளை ஒப்பிடுக.
3. மருந்து பெறாத நோயாளரைப் பற்றிய ஆய்வு எழுப்பும் அறவினா யாது?

நெடுவினா

1. 'மருந்து மருத்துவர் கையில். வேலையும் வீடும் நட்பும் நம் கையில்' – இக்கூற்றைப் பாடப்பகுதிவழி நிறுவுக.
2. மழையை நம்பி வாழும் சிற்றூர் ஒன்றில் மனநல மருத்துவம் விரைந்து சென்று சேர நீவிர் பரிந்துரைக்கும் வழிகளைக் கட்டுரையாக்குக.